ஓய்வு யாருக்குச் சொந்தம்?

"வெள்ளைக்காரனுக்கு லீவு எடுத்து ஊர் பார்க்கத் தெரியும், நம் ஜனங்களுக்கு அந்த ருசியே கிடையாது" என்று மடிப்புக் கலையாத கனவான்கள் பேசுகிறார்கள். ஆரணிப் பட்டுக்கடை வாசலிலும் இந்தப் பேச்சு கேட்கிறது. எந்த வெள்ளைக்காரனைச் சொல்கிறார்கள்?

துரைமாரையா? கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார். பிறகு தோடர்களின் மேய்ச்சல் வெளியில் பங்களாக்கள் முளைத்தன. கோடை வந்தால் கவர்னர், குமாஸ்தா, சமையல்காரர் சகிதம் சென்னை சர்க்காரே ஊட்டிக்குக் குடிபோகும். செலவு? நம் பாட்டன்மார் கட்டிய நிலவரி! தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மடிந்தார்கள். 1877-ல் பஞ்ச வேலைக்காரனின் படியை நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தது சர்க்கார். அதே 1877-ல்தான் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு ஊட்டியில் மாளிகை கட்டத் தொடங்கினார். இதுவா நாம் கற்க வேண்டிய ருசி?

இன்னொரு வெள்ளைக்காரனும் உண்டு, தோழர்களே. லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளி. நம் தறிகளை நசுக்கிய மில் துணி அவன் கையால் நெய்ததுதான். லாபம் மட்டும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆண்டுக்கொரு முறை, ஊர்த் திருவிழாவையொட்டி மில்லை அடைப்பார்கள். ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். அந்த நாட்களுக்கு நெடுங்காலம் கூலியே இல்லை. வருஷம் முழுதும் சீட்டுப் போட்டு மிச்சம் பிடித்த காசில்தான் போனான். சங்கங்கள் பல ஆண்டு போராடிய பிறகே, 1938-ல், சம்பளத்தோடு விடுமுறைச் சட்டம் வந்தது. கடலைப் பார்க்கும் ஆசை அவனுக்குப் பிறவியிலேயே இருந்திருக்கலாம். கூலியோடு பார்க்கும் உரிமையை வாங்கித் தந்தது சங்கம்!

இங்கே 1948 தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு என்றது. மில் தோழர்களுக்கு இது தெரியும். வீட்டுத் தறிக்குழியில் கால் வைத்துப் பட்டு நெய்கிறவர் எந்தத் தொழிற்சாலையில் இருக்கிறார்? முதலாளி பாவும் ஊடையும் தருகிறார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. மழையில் குழிக்குள் ஊற்றெடுத்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். வயல் கூலிக்கும் இதே கதைதான்: வேலை இல்லாத நாளை ஓய்வு என்று யார் சொல்வார்?

ஆரணிக்குப் பக்கத்தில் திருமலைக் குன்று இருக்கிறது. அங்குள்ள பழைய சமணக் கோயிலையும் நேமிநாதர் சிலையையும் பார்க்க வெளியூரார் காரில் வருகிறார்கள். தறிக்காரர் மனைவி மக்களோடு ஒரு நாள் அங்கே போனால் அன்றைய கூலி போச்சு. இவரிடமா ருசி இல்லை என்கிறீர்கள்?

அடுத்த கூலிப் பேச்சில் சேலைக்கு எத்தனை ரூபாய் என்பதோடு, வருஷத்துக்கு எத்தனை நாள் கூலியோடு ஓய்வு என்பதையும் எழுதிக் கேட்க வேண்டும்.