எங்களைக் கேட்காமல் எங்கள் மணலுக்கு விதி எழுதக் கூடாது

அணுக் கனிமச் சுரங்கங்களுக்குத் தரப்பட்ட கருத்துக்கேட்பு விலக்கு குறித்து, தேங்காய்ப்பட்டணத்தில் கூடிய எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும், அரசு முக்கியமானவை என்று பட்டியலிட்ட கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்கிறது அது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த விலக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் கிள்ளியூர் வட்டத்தில் இதற்கு என்ன பொருள்? கீழ்மிடாலம், மிடாலம், இனையம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் முன்வைத்துள்ள திட்டத்தை, அங்கே வாழ்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே பரிசீலித்து அனுமதித்துவிடலாம்.

இந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். கருத்துக்கேட்பு எங்கள் கடற்கரையிலேயே, தமிழிலேயே நடக்க வேண்டும். எங்கள் நிலைப்பாடு இதுதான்.

நாங்கள் சட்டத்தோடு முரண்டு பிடிக்கிறவர்கள் அல்லர். ஆண்டுதோறும் ஜூன் 1 வந்தால் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறோம். ஜூலை 31 வரை 61 நாள் அவை கடலுக்குப் போவதில்லை. இதே மாவட்டத்தில் சின்னமுட்டத்துப் படகுகளுக்கு அந்த 61 நாள் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கணக்கு என்பது வெளியூர்க்காரருக்குக் குழப்பமாக இருக்கும். கடலில் பிழைக்கிறவருக்குக் காரணம் தெரியும்: அந்தப் பக்கம் கிழக்குக் கடல், எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் மேற்குக் கடல்.

இந்தத் தடைக்கு ஒரு வரலாறு உண்டு. பக்கத்துக் கேரளத்தில் 1980-களில் பாரம்பரிய மீனவர்கள் இழுவைமடிக்கு எதிராக மறியலும் உண்ணாவிரதமும் இருந்தார்கள். அரசு குழு மேல் குழு அமைத்தது. 1988-இல் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது. படகு உரிமையாளர்கள் வழக்குக்குப் போனார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. கொச்சியைத் தளமாக வைத்து ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் தூத்தூர் வட்டார மீனவர்கள் இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாள் தடை வந்தது, 2017-இல் அது 61 நாளாயிற்று. நிவாரணத் தொகை போதாது என்ற முறையீடு இன்றும் இருக்கிறது. ஆனாலும் படகைக் கட்டுகிறோம். மீன் சினைப்படும் காலத்தில் மடியை இழுத்தால் நாளை நமக்கே மீன் இல்லை என்பது பேசிப் பேசி, சண்டை போட்டு, எல்லாருக்கும் விளங்கிய விஷயம். விளங்கிய விதியைக் காக்கக் காவல்படகு குறைவாக இருந்தாலும் போதும்.

மணல் விஷயத்துக்கு வருவோம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து அதில் மோனசைட் என்ற கதிரியக்க அணுக் கனிமம் இருப்பதைக் கண்டார். அதன் தடம் பிடித்துத்தான் மணவாளக்குறிச்சிக்கு மணல் ஆலை வந்தது. தேங்காய்த் தொண்டு அழுக்கிக் கயிறு திரித்த கரை இது. எங்கள் மணலின் மதிப்பு உலகுக்குத் தெரிந்ததே எங்கள் கயிற்றால்தான். நூறு ஆண்டுக்கு மேலாக அந்த மணலோடு வாழ்கிறோம். புற்றுநோய் பற்றிய அச்சம் இந்தக் கடற்கரை ஊர்களில் பல காலமாக இருக்கிறது. மோனசைட்டை எடுத்துவிட்டால் இயற்கைக் கதிர்வீச்சு குறையும் என்கிறது நிறுவனம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, கேள்வி கேட்டு, பதில் வாங்க மக்களுக்கு இருந்த மேடை கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுதான்.

அந்தக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை விரிவாகவே சொல்கிறது. திட்டம் வரும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை ஏற்க வேண்டும். முழுவதையும் ஒளிப்பதிவு செய்து, முடிவில் நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்துக்கு உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். வலை பின்னுகிற ஒரு பெண்மணி எழுந்து, “எங்க கிணத்துத் தண்ணி என்ன ஆகும்?” என்று கேட்டால் அது பதிவாக வேண்டும், அதற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டத்துக்குத் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது, அது வாக்கெடுப்பும் அல்ல. கேட்கும் உரிமை மட்டுமே அங்கே இருந்தது, இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

எடுத்த வழியும் சரியில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, இத்தகைய அறிவிக்கையின் வரைவை வெளியிட்டால் எவரும் 60 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2020-இல் புதிய தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தமக்குப் புரியாத மொழியில் வந்த விதிக்கு மக்கள் எப்படிக் கருத்துச் சொல்வார்கள் என்ற எளிய நியாயம் அதில் இருந்தது. குறிப்பாணைக்கு வரைவும் இல்லை, 60 நாளும் இல்லை, மொழிபெயர்ப்பும் இல்லை. மக்களைக் கேட்க வேண்டாம் என்று முடிவெடுக்கவும் மக்களைக் கேட்கவில்லை.

நாட்டின் பாதுகாப்பு முக்கியம் இல்லையா என்று கேட்பார்கள். முக்கியம்தான். 2006 அறிவிக்கையிலேயே பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்கு விலக்கு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் எத்தனை அடி ஆழம் தோண்டுவார்கள், குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அள்ளிய இடத்தை எதைக் கொண்டு நிரப்புவார்கள், மணல் குறைந்தால் கடலரிப்பு எந்த ஊரைத் தாக்கும் என்பவை ராணுவ ரகசியங்கள் அல்ல. ஒரு கனிம வகையையே மொத்தமாக விலக்கி வைப்பது அந்த விலக்கின் நோக்கத்தையே மீறுகிறது.

இன்னொரு கேள்வி எங்கள் பக்கமே வருகிறது. 2024 அக்டோபர் 1 அன்று நடப்பதாக இருந்த கருத்துக்கேட்பு மக்கள் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டதே, அன்று வேண்டாம் என்றவர்கள் இன்று ஏன் கேட்கிறார்கள்? நியாயமான கேள்வி. கூட்டத்தையே புறக்கணிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். கண்துடைப்புக் கூட்டங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். அந்தச் சலிப்பை மதிக்கிறோம். ஆனால் கூட்டம் சரியாக நடக்கவில்லை என்பதற்கு மருந்து, கூட்டத்தைச் சரியாக நடத்துவதுதான். அதனால் போக வேண்டும், பேச வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் முடிவு.

கரையில் இருப்பவன் சொல்லுக்கு எடை உண்டு என்பதை உயிர் கொடுத்துக் கற்றிருக்கிறோம். குழித்துறை ஆறு கடலில் சேரும் எங்கள் துறைமுக முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயின. அலைத்தடுப்புச் சுவரின் அமைப்பு சரியில்லை என்று மீனவர்கள் வருடக்கணக்காகச் சொன்னார்கள். சுவரை நீட்டும் வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இந்த ஊரில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் காட்டிய தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு முதலாளியின் வாய்ச்சொல்தான் விதி. ஏன் என்று எவரும் கேட்க முடியாது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். தூரத்திலிருந்து வரும் ஒற்றைச் சொல்லையும் எங்களால் விதியாக ஏற்க முடியாது.

குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியதை வரவேற்கிறோம். கடிதத்தோடு நிற்காமல் மாநில அரசு நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கை சுருக்கமாக அல்லாமல் முழுதும் தமிழில் எங்கள் உள்ளாட்சி அலுவலகங்களில் கிடைக்க வேண்டும். ஆடி மாதக் கடலரிப்பு நாட்களிலும், ஆண்கள் ஆழ்கடலில் இருக்கும் வாரங்களிலும் கூட்டம் வைக்கக் கூடாது.

ஊர்க்கமிட்டிகளுக்கும் பங்குப்பேரவைகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். கிராம சபை உள்ள ஊர்களில் அடுத்த கிராம சபையிலும், பேரூராட்சி, நகராட்சிகளில் மன்றக் கூட்டத்திலும் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். பெண்களையும் ஆழ்கடலிலிருந்து திரும்பிய இளைஞர்களையும் பேச விடுங்கள்.