நிலைக்கு வரும் கப்பல்

"கப்பலில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை, ஸார்!" என்றார் தஞ்சாவூர் நண்பர். சென்னையில் ஏறி, நடுக்கடல் வரை போய், இரண்டு ராத்திரி கழித்துச் சென்னையிலேயே இறங்கி வந்தவர். அந்தக் கப்பலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்பது அவர் எண்ணம். இதைவிடக் கடுமையான கண்டனம் கிடையாது என்பது என் எண்ணம்.

2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த 'எம்ப்ரஸ்' அது. 1990இல் கட்டியது, 11 அடுக்கு. நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, சூதாட்ட மண்டபம், ஏறிப் பழகச் செயற்கைப் பாறை எல்லாம் உண்டு. வெளிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த ஸீஸ்' 365 மீட்டர் நீளம், 20 தளம், 7 நீச்சல் குளம். நடுவே நிஜமான செடிகொடிகளோடு ஒரு பூங்கா. சில அறைகளின் பால்கனி அந்தப் பூங்காவைப் பார்த்துத்தான் திறக்கிறது. கடலில் மிதந்துகொண்டே கடலுக்கு முதுகு காட்டும் பால்கனி!

திருவாரூர்த் தேரும் நாலு வீதி சுற்றி நிலைக்குத்தான் வருகிறது. அது தேருக்கு அழகு. உள்ளே தியாகராஜர் இருக்கிறார். வடம் பிடிக்க டிக்கெட் வேண்டாம். கப்பல் என்றால் ஓர் ஊரில் ஏற்றியவனை இன்னோர் ஊரில் இறக்கிவிட வேண்டாமா?

'ரஜூலா' இறக்கிவிட்டது. 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. டெக்கில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி. சுகப் பிரயாணம் என்று நான் சொல்லவில்லை. பாய் விரித்த இடமே வீடு. வெயிலும் வாந்தியும் கூடவே வரும். ஆனாலும் பழைய தஞ்சை ஜில்லாவில் எத்தனையோ அடுப்புகள் அந்தக் கப்பல் ஓடியதால் எரிந்தன. பின்னால் வந்த 'சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்தது. அந்த வழியும் அடைந்துபோயிற்று.

என் சண்டை சுகத்தோடு அல்ல. கப்பல் உருளாமல் இருக்க அடியில் இருபுறமும் சிறகு வைக்கிறார்கள்; கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். அபாரமான கெட்டிக்காரத்தனம்! ஆனால் அது எங்கும் போகவேண்டாதவர்களுக்கு அல்லவா கிடைக்கிறது? போயே தீரவேண்டியவன் கதி என்ன? நாகையிலிருந்து காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் 150 பேர் ஏறும் ஒரு வேகப் படகை விட்டார்கள். மழைக்காலம் எட்டிப் பார்த்ததும், சில நாளிலேயே நின்றது. மறுபடி போக்குவரத்து தொடங்க 2024 ஆகஸ்டு ஆயிற்று.

"அவர்கள் காசு, அவர்கள் சுற்றுகிறார்கள், உமக்கென்ன ஐயா?" என்று கேட்கலாம். தாராளமாகச் சுற்றட்டும். ஆனால் கொடியசைத்தது சர்க்கார். ஆகவே கேட்க எனக்குப் பாத்தியதை உண்டு. ஐப்பசி அலையைத் தாங்கும் ஒரு கப்பல் முதலில் நாகைக்கு வரட்டும். அந்தச் சிறகை அதற்கு வையுங்கள். ஏழைகள் முதுகு சாய்க்க இடம் வையுங்கள். செயற்கைப் பாறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்கப் போகும் கிழவி ஒருத்தி, அக்கரையில் இறங்கி, "கப்பலில் வந்ததே தெரியவில்லை" என்று சொல்லட்டும். அன்றைக்கு அதைப் பாராட்டு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.