அம்பு கேம்ல ஜெயிக்கணுமா? ரீமேட்ச் பட்டன்ல கை வைக்காதீங்க

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. மொபைல்ல ரெண்டு பேர் நேருக்கு நேர் நின்னு அம்பு விடுற கேம்ல எப்படி ஜெயிக்கிறதுன்னு ஒரு நீளமான த்ரெட். டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு தோணலாம். முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

சிந்தாதிரிப்பேட்டையில நோயாளி பார்க்கிறவங்க இந்த விஷயத்துல இருந்து தப்பிக்கவே முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட் நடந்து போற தூரம். ஒரு காலத்துல மெட்ராஸ்ல கேம் சிடி, ஜாய்ஸ்டிக் வாங்க அங்கதான் போவோம். இப்ப அதே தெருவுல மொபைல் சர்வீஸ் பண்ற பசங்க, கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் அம்பு விடுறாங்க. அப்புறம் கட்டைவிரல் அடியில வலின்னு என்கிட்ட வர்றாங்க.

என் கருத்து இதுதான்: இந்த கேம்ல குறி தப்பினதால தோக்கிறவங்க கம்மி. குறி தப்பினதுக்கு அப்புறம் செய்யற காரியத்தாலதான் நிறைய பேர் தோக்கிறாங்க.

முதல்ல, எதிரில ஆள் நிற்கிற வகை. ஃபிளாஷ் காலத்து 'போமேன்' ஞாபகம் இருக்கா? இழுத்தா கோணமும் பவரும் எண்ணா தெரியும். இன்னைக்கு இருக்கிற 'போமாஸ்டர்ஸ்' அதோட பேரன் மாதிரி. எதிராளி எவ்வளவு தூரத்துல நிற்கிறான்னு தெரியாது. முதல் அம்பு குறைவா விழுந்ததும் நம்ம ஆளு என்ன பண்றார்? கோணத்தையும் மாத்துறார், பவரையும் மாத்துறார். அடுத்த அம்பு தலைக்கு மேல பறக்குது. இப்ப எதனால பறந்துச்சுன்னு அவருக்கே தெரியாது.

ஒரே நாள்ல ரெண்டு மருந்தை மாத்திட்டு, எது வேலை செஞ்சதுன்னு கேட்கிற மாதிரிதான் இது.

கோணத்தை 45 டிகிரிகிட்ட வச்சு மறந்துடுங்க. பள்ளிக்கூட இயற்பியல்தான். சமதரையில 45-ல மூணு டிகிரி விரல் நடுங்கினாலும் தூரம் ஒரு சதவீதம்கூட மாறாது. அதே மூணு டிகிரி 20-ல பிசகினா பத்து சதவீதத்துக்கு மேல மாறிடும். அதனால விரல் நடுக்கத்தை 45 மன்னிச்சிடும். அப்புறம் பவரை மட்டும் மாத்துங்க. பவர் எண் அம்போட வேகத்துக்கு நேரா ஏறுற கேம்ல, பவரை 10 சதவீதம் கூட்டினா தூரம் 21 சதவீதம் கூடும். அம்பு முக்கால் தூரத்துல விழுந்துச்சா, பவரை 15 சதவீதம் ஏத்துங்க, போதும். பெரும்பாலும் பதற்றத்துல முப்பது ஏத்திடுவோம்.

ரெண்டாவது வகை 'ஆர்ச்சரி கிங்' மாதிரி வட்டப் பலகையைக் குறிவைக்கிறது. காத்து எந்தப் பக்கம், எவ்வளவுன்னு காட்டும். இதுல முதல் அம்பை ஒரு பரிசோதனையா நினைச்சுக்குங்க. நடுவைக் குறிவைச்சு விட்டு எங்க குத்துதுன்னு பாருங்க. அடுத்ததுக்கு அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறிவையுங்க. காத்து எண் பாதியா குறைஞ்சா தள்ளலையும் பாதியா குறைங்க. அவ்வளவுதான் வித்தை.

இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன்.

எல்லார் கையும் நடுங்கும். ஆரோக்கியமான கைகூட நொடிக்கு 8 முதல் 12 தடவை நுணுக்கமா ஆடிக்கிட்டேதான் இருக்கும். காபி, பசி, தூக்கமின்மை, கோபம் எல்லாம் அதைக் கூட்டும். நிஜ வில்வித்தையில இது எவ்வளவு பெரிய விஷயம்னா, நடுக்கத்தையும் இதயத் துடிப்பையும் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு வில்வித்தை வீரர்களுக்குத் தடை பண்ணியிருக்கு. (இதைப் படிச்சிட்டு யாரும் தாத்தாவோட மாத்திரையை எடுத்துப் போடாதீங்க. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.)

டோக்கியோ ஒலிம்பிக்ல வீரர்களோட இதயத் துடிப்பை டிவியிலேயே காட்டினாங்க. பெண்கள் தனிநபர் இறுதிப்போட்டி 5-5ன்னு சமன். ஆளுக்கு ஒரே அம்பு. கொரியாவோட ஆன் சான் துடிப்பு 120-ஐ ஒட்டி, எதிர்ல ஓசிபோவாவுக்கு 160-ஐ தாண்டி. ஆன் சான் 10, ஓசிபோவா 8. உடனே 'துடிப்பு குறைஞ்சா தங்கம்'னு ஃபார்வேர்ட் போட்டுடாதீங்க. அதே ஒலிம்பிக்ல 17 வயசு கிம் ஜே-தியோக் கத்திக் கூச்சல் போட்டுக்கிட்டே ரெண்டு தங்கம் வாங்கினான். துடிப்பு ஏறட்டும், பரவாயில்ல. போன அம்பு மேல இருக்கிற கோபம் அடுத்த அம்புல ஏறக்கூடாது.

நிஜப் போட்டியோட விதியே இதுக்கு உதவி பண்ணுது. மூணு அம்பு ஒரு செட், செட் ஜெயிச்சா 2 புள்ளி, சமன்னா 1, முதல்ல 6 எடுத்தவர் வெற்றி. ஒரு அம்பு மோசமா போனா அந்த செட்தான் போகும், அடுத்தது பூஜ்யத்துல இருந்து தொடங்கும். நம்ம மொபைல்ல தோத்த உடனே பெரிசா 'ரீமேட்ச்'னு ஒண்ணு மின்னுது. கையில நடுக்கம் உச்சத்துல இருக்கிற நிமிஷம் அது. போன காயினை மீட்கணும்னு இன்னும் பெரிய டேபிளுக்குப் போறோம். காயின் தீர்ந்தா நிஜக் காசு கொடுத்து வாங்கறோம். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் தடை பண்ணினது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற கேம்களை. இங்க ஜெயிச்ச காயினைத் திரும்பப் பணமாக்க முடியாது. அதனால எந்தச் சட்டமும் நம்ம கையைப் பிடிக்காது.

என் கணக்கு: தொடர்ந்து ரெண்டு தோல்வின்னா போனைக் கவிழ்த்து வச்சிடுங்க. பத்து நிமிஷம். ஒழுக்கத்துக்காக சொல்லல, ஜெயிக்கத்தான் சொல்றேன்.

அந்த சர்வீஸ் கடைப் பையனுக்கு இருந்தது 'டி குவர்வெய்ன்'. கட்டைவிரலை இழுக்கிற ரெண்டு தசைநார் மணிக்கட்டுல ஒரு குறுகலான உறைக்குள்ள போகுது. உரசி உரசி அங்க தடிச்சிடும். கட்டைவிரலை உள்ள மடக்கி முஷ்டி பிடிச்சு, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்க. சுரீர்னு வலிச்சா சந்தேகப்படலாம். அவனுக்கு டிவீசர் பிடிக்க முடியல, சால்டரிங் பிடிக்க முடியல. தினக்கூலி அந்த விரல்லதான் இருக்கு.

வேடிக்கை என்னன்னா, வைத்தியமும் கேம் டிப்ஸும் ஒண்ணுதான். போனை மேஜை மேல வச்சு ஆள்காட்டி விரலால இழுங்க. கட்டைவிரல் வளைவாதான் நகரும், நேர்கோடு வராது. குறியையும் மறைச்சிடும். முழங்கை மேஜையில ஊன்றினா நடுக்கமும் குறையும். மூச்சை மெதுவா விட்டு, அடுத்த மூச்சுக்கு முன்னாடி விடுங்க. ரொம்ப நேரம் பிடிச்சு வச்சா பல கேம்ல குறி அதிகமா ஆடும்.

பெற்றோருக்கு ஒண்ணு. கேம் ஆடுற பிள்ளையெல்லாம் அடிமை இல்ல. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறுன்னு சொல்ல, கட்டுப்பாடு போயிருக்கணும், மத்ததெல்லாம் பின்னுக்குப் போயிருக்கணும், கெடுதல் தெரிஞ்சும் தொடரணும், அதுவும் பொதுவா ஒரு வருஷமாவது. நடு மேட்ச்ல போனைப் பிடுங்காதீங்க. "இன்னும் எத்தனை அம்பு கண்ணா?"ன்னு கேளுங்க. முடிஞ்சதும் வாங்கிக்குங்க.

வலி ரெண்டு வாரம் தாண்டினா பெயின்கில்லர் போட்டுச் சமாளிக்காம டாக்டரைப் பாருங்க. ஆரம்பத்துல ஓய்வும் கட்டைவிரல் ஸ்பிளின்ட்டுமே பெரும்பாலானவங்களுக்குப் போதும். அந்தப் பையன் இப்ப ஸ்பிளின்ட் போட்டுக்கிட்டு ஆள்காட்டி விரல்லதான் ஆடுறான்.