டர்போ போச்சா, ட்யூப் போச்சா?

எங்க ஏரியாவுல டீசல் கார் இழுக்கலைன்னா மெக்கானிக் வாயிலேர்ந்து வர்ற முதல் வார்த்தை "டர்போ போயிருக்கும்"ங்கறதுதான். கரும்புகை வந்தாலும் டர்போ. விசில் சத்தம் வந்தாலும் டர்போ. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கினாலும் டர்போ. புளியந்தோப்புலேர்ந்து திருவொற்றியூர் வரைக்கும் டூரிஸ்ட் காரும் கால் டாக்ஸியும் ஓட்டிப் பிழைக்கிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்களுக்கு இந்த ஒரு வார்த்தை ரெண்டு மாச டியூவை முழுங்கிடும். (பி.காம் படிக்கிறவனுக்கு டர்போவோட என்ன வேலைன்னு கேக்காதீங்க. கணக்குக்குத்தான் வரப்போறேன்.)

என் கட்சி இதுதான்: வெளி டர்போ மாட்டின வண்டியில பூஸ்ட் சரியில்லைன்னா, டர்போவைக் கடைசியா சந்தேகப்படுங்க. அதைக் கட்டுப்படுத்துற சில்லறை சாமான்களை முதல்ல சந்தேகப்படுங்க. இந்த வரிசையை மாத்திப் பண்றதாலதான் நம்ம காசு போகுது.

வெளி டர்போன்னு நான் சொல்றது கம்பெனி ஒரிஜினல் இல்லாம வெளியில வாங்கி மாட்டுறது. முழுசாவும் வாங்கலாம், உள்ளே சுத்துற கார்ட்ரிட்ஜ் மட்டும் மாத்தியும் வாங்கலாம். ஜி.பி. ரோட்டுல புதுசு, புதுப்பேட்டையில பழசு.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடுவோம். சைலன்சர் வழியா வீணாப் போற புகை ஒரு காத்தாடியைச் சுத்தும். அதே தண்டோட இன்னொரு முனையில இருக்கற காத்தாடி வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். அந்த அதிகப்படி அழுத்தம்தான் பூஸ்ட். காத்து அதிகமானா டீசல் அதிகமா எரியும், புகை அதிகமாகும், காத்தாடி இன்னும் வேகமாகும். இப்படியே விட்டா நிக்காது. அதனால புகை காத்தாடிக்குப் போகாம குறுக்கு வழியில தப்பிச்சுப் போக ஒரு சின்னக் கதவு வெச்சிருக்காங்க. அதுதான் வேஸ்ட்கேட். அந்தக் கதவைத் தள்ள ஒரு கம்பி, கம்பியைத் தள்ள ஆக்சுவேட்டர்னு ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் சவ்வும் இருக்கும். டர்போ அமுக்கற காத்துல கொஞ்சத்தை ஒரு சின்ன ரப்பர் ட்யூப் இந்த டப்பாவுக்குக் கொண்டு வரும். அழுத்தம் ஸ்பிரிங்கை ஜெயிச்சா கதவு திறக்கும், பூஸ்ட் அதுக்கு மேல ஏறாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

டாக்ஸி ஸ்டாண்டுல நிறைய பாக்குற டிசையர் டீசல்ல இருக்கறது இந்த எளிய ஏற்பாடுதான். (மாருதி 2020 ஏப்ரலோட டீசலை நிறுத்திட்டாங்க. ஆனா பழைய வண்டிங்க இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.) பெரிய வண்டிகள்ல கதவுக்குப் பதிலா இறக்கைகளோட கோணத்தையே மாத்துற வி.ஜி.டி இருக்கும். அதை ஈ.சி.யூ ஒரு சோலனாய்டு வழியா ஆட்டி வைக்கும்.

இப்ப அந்தச் சின்ன ரப்பர் ட்யூப் வெடிச்சிருக்குன்னு வைங்க. டப்பாவுக்குக் காத்து போகாது, கதவு திறக்காது, பூஸ்ட் எல்லை மீறி ஏறும். எஞ்சினைக் காப்பாத்த ஈ.சி.யூ டீசலைக் குறைச்சுடும். டிரைவருக்கு என்ன தெரியும்? நல்லா இழுத்துட்டுப் போன வண்டி திடீர்னு செத்த மாதிரி ஆகும். கடையில சொல்லுவாங்க, டர்போ அவுட்டுன்னு. உண்மையில அந்த டர்போ தேவைக்கு மேலயே உழைச்சுக்கிட்டு இருக்கு!

எங்க தெருவுல ஒரு அண்ணனுக்கு நடந்தது அச்சு அசலா இதுதான். டிசையருக்கு ஒரு வெளி டர்போ மாட்டினார். திருப்பதி சவாரி போனப்ப செங்குன்றம் தாண்டி நல்லா மிதிச்சா வண்டி வெட்டுச்சு. மாட்டின கடையிலயே காட்டினார். "இந்தப் பீஸ் ஃபால்ட்டு"ன்னு சொல்லி வேற டர்போ மாட்டி லேபர் வாங்கிட்டாங்க. மறுபடி அதே வெட்டு. கடைசியில ஒரு பழைய டீசல் மெக்கானிக் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தார். ரெண்டு டர்போவுக்கும் ஒரே பழைய ட்யூபைத்தான் திருப்பித் திருப்பிச் சொருகியிருக்காங்க. சூட்டுல வெறைச்சுப் போய் அடிப்பக்கம் கீறல். புது ட்யூப் எங்க ஆடுதொட்டிப் பக்கம் விக்கிற அரை பிளேட் பிரியாணி விலை கூட வராது. அதுக்குள்ள அண்ணனுக்கு எட்டு நாள் சவாரி போச்சு.

இங்கதான் என் பாடம் உதவுது. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா லெட்ஜர் முழுசையும் யாராவது திரும்ப எழுதுவாங்களா? வித்தியாசத்தைப் பாப்போம். அது ஒன்பதால வகுபட்டா, எங்கயோ 54ஐ 45ன்னு மாத்தி எழுதியிருக்கலாம்னு தேடுவோம். தப்போட உருவமே அது எங்க இருக்குன்னு சொல்லிடும். பூஸ்ட்டும் அப்படித்தான்.

பூஸ்ட் ஏறவே இல்லையா? காத்து எங்கயோ ஒழுகுது, இல்ல வேஸ்ட்கேட் முழுசா மூடலை. ஒரு துள்ளு துள்ளிட்டு அப்புறம் அளவுக்கு வந்து நிக்குதா? கதவு லேட்டா திறக்குது: ட்யூப் ரொம்ப நீளம், இல்ல சோலனாய்டு சோம்பல். நிக்காம அலைபாயுதா? சோலனாய்டையும் அதோட செட்டிங்கையும் பாருங்க. சரியா ஏறி, ஆர்.பி.எம் கூடக்கூட சரியுதா? ஸ்பிரிங் தளர்ந்து போய் புகையோட அழுத்தமே கதவைத் தள்ளித் திறக்குது, இல்லைன்னா அந்த டர்போ எஞ்சினுக்குச் சின்னது. ஆர்.பி.எம் கூடக்கூட பூஸ்ட்டும் நிக்காம ஏறுதா? இது பசங்க பெரிய டர்போவும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட்டும் போட்ட வண்டியில வரும். கதவு முழுசா திறந்தும் அந்த ஓட்டை வழியாப் புகை போதுமான அளவு தப்பிக்க முடியலை. இதுக்கு ஸ்பிரிங்கை மாத்தி ஒண்ணும் ஆகாது, ஓட்டையைப் பெருசாக்கணும். (இந்த மாதிரி ஆல்டரேஷனே மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி சிக்கல். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கம்பெனி சொன்ன அமைப்பை மாத்தக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லிடுச்சு.)

வாக்குவம்ல ஓடுற வி.ஜி.டி வண்டி வெச்சிருக்கறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும். அதுல பெரும்பாலும் கதை தலைகீழ். ட்யூப் கிழிஞ்சா பூஸ்ட் எகிறாது, ஏறவே ஏறாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மாட்டி மணிக்கணக்கா ஐட்லிங்ல நிக்கிற வண்டியில இறக்கைகள்ல கரி பிடிச்சு இறுகிப்போறதும் உண்டு.

இதையெல்லாம் கண்டுபிடிக்க லட்ச ரூபா மெஷின் வேண்டாம். முதல் வேலை, கேஜ் வெச்சு அளக்கறது. போன்ல வேலை செய்யுற சின்ன ஓ.பி.டி கருவியே போதும். ஆனா ஒரு எச்சரிக்கை: அதுல வர்ற மேனிஃபோல்டு அழுத்தத்துல நம்மைச் சுத்தி இருக்கற காத்தோட அழுத்தமும் சேர்ந்திருக்கும். எஞ்சினை ஆஃப் பண்ணி சாவியை மட்டும் போட்டாலே 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும். வண்டி ஓடும்போது 220 காட்டினா பூஸ்ட் 120தான், அதாவது 1.2 பார், சுமார் 17 பி.எஸ்.ஐ. இதைக் கழிக்காம "ஓவர் பூஸ்ட்"னு அலறினவங்களை நானே பாத்திருக்கேன். எரர் கோடும் உதவும். பி0299 வந்தா பூஸ்ட் கம்மி, பி0234 வந்தா ஜாஸ்தி. ரெண்டுமே டர்போ செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை.

அடுத்தது சோப்புத் தண்ணி. சைக்கிள் பஞ்சர் கடையில ட்யூபைத் தண்ணித் தொட்டியில அமுக்கறாங்களே, அதே தத்துவம். டர்போவோட வாயை ஒரு பி.வி.சி மூடியால அடைச்சு, அதுல வால்வு வெச்சு மெதுவா காத்து ஏத்தணும், வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாம. இன்டர்கூலர் பைப், கிளாம்ப் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தெளிச்சா முட்டை விடுற இடம்தான் ஒழுகல்.

மூணாவது ஆக்சுவேட்டர். ட்யூபைக் கழட்டி, கேஜ் இருக்கற கைப்பம்பால காத்து குடுங்க. கம்பி எந்த அழுத்தத்துல நகர ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கோங்க. அப்படியே பிடிச்சு வெச்சா முள் இறங்குதான்னு பாருங்க. இறங்கினா சவ்வு கிழிஞ்சிருக்கு. (பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஹோஸை நேரா சொருகிடாதீங்க, நல்லா இருக்கற சவ்வும் கிழிஞ்சுடும்.) கார்ட்ரிட்ஜ் மாத்தின டர்போவுல இது ரொம்ப முக்கியம். ஏன்னா ஆக்சுவேட்டரைக் கழட்டி மாட்டும்போது கம்பியோட நட்டைக் கண் திட்டத்துல முறுக்கி விட்டுடுவாங்க. கம்பி கொஞ்சம் குட்டையானாலே பூஸ்ட் ஏறும், நீண்டா இறங்கும். மழைக்கு முழங்கால் தண்ணியில நின்ன வண்டின்னா கம்பியும் அதோட மூட்டும் துருப்பிடிச்சிருக்கான்னும் பாத்துடுங்க.

சோலனாய்டு இருக்கற வேஸ்ட்கேட் வண்டின்னா ஒரு அருமையான வழி இருக்கு. சோலனாய்டை ஒதுக்கிட்டு டர்போவுலேர்ந்து ஆக்சுவேட்டருக்கு நேரா ஒரு ட்யூப் குடுத்து ஓட்டிப் பாருங்க. பூஸ்ட் ஸ்பிரிங் அளவுல ஒழுங்கா நின்னா டர்போ, ஸ்பிரிங், கதவு மூணும் நிரபராதி. குற்றவாளி சோலனாய்டு பக்கம். நிக்கலைன்னா எலெக்ட்ரிக் சமாச்சாரத்தைத் தொடவே வேண்டாம். ஒரே சோதனையில பாதி வேலை முடிஞ்சது.

இவ்வளவு சுலபம்னா கடையில ஏன் பண்றதில்லை? மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லைங்க. அவருக்குப் பார்ட்ஸ்லதான் லாபம், சோதனைக்கு யாரும் காசு தர்றதில்லை. ஒரு மணி நேரம் குனிஞ்சு பாத்துட்டு "ட்யூப்தான் சார், ஐநூறு குடுங்க"ன்னா நாம சண்டைக்குப் போறோம். "டர்போ மாத்திட்டேன், பதினெட்டாயிரம்"னா முணுமுணுத்துக்கிட்டே குடுத்துட்டு வர்றோம். கண்டுபிடிச்சதுக்குக் கூலி இல்ல, மாத்தினதுக்குத்தான் கூலின்னு விலையை நிர்ணயிச்சது நாமதான். அந்த விலைக்கு ஏத்த வைத்தியம்தான் கிடைக்குது. ராத்திரி சவாரி இருக்கு, சாயந்தரமே வண்டி வேணும்னு அவசரப்படுத்துறதும் நாமதான்.

இந்தக் கூத்து நம்ம ஊர்ல மட்டும் இல்லை. 1962ல அமெரிக்காவுல டர்போவோட வந்த முதல் கார்கள்ல ஒண்ணு ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். அதுக்குத் தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டாங்குல ஊத்திக்கிட்டே இருக்கணும். தீர்ந்து போனா வண்டி தானாவே பூஸ்ட்டைக் குறைச்சுக்கும். நிறைய பேர் ஊத்தவே இல்லை. ஊத்தாம விட்டுட்டு இழுக்கலைன்னு புலம்பினாங்க. கடைசியில கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டிக் குடுத்துச்சு. நம்ம பக்கம் மட்டும் என்ன, பழைய மகாபலிபுரம் ரோட்டுல பையனூர்ல டர்போ எனர்ஜி கம்பெனி டர்போவே தயாரிக்குது. அந்த டர்போவைக் கழட்டி மாட்டுற எங்க தெருக் கடையில அழுத்தம் பாக்க ஒரு கேஜ் கிடையாது :-)

ட்யூப்தானேன்னு அலட்சியமா விடவும் கூடாது. ஈ.சி.யூ கட்டுப்படுத்துற டர்போவுல பைப் ஒழுகினா, குறையுற அழுத்தத்தை ஈடுகட்ட அது டர்போவை இன்னும் வேகமா சுத்தவிடும். பேரிங் சீக்கிரம் போயிடும். அப்புறம் நிஜமாவே டர்போ மாத்துவீங்க, ஒழுகல் அப்படியே இருக்கும், புதுசும் அதே வழியில போகும். வெளி டர்போன்னாலே மட்டம்னு பேர் வாங்கினதுல பாதிக் கதை இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

அடுத்த தடவை யாராவது டர்போ மாத்தணும்னு சொன்னா, சோதனைக்குத் தனியா காசு தர்றேன்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க. பூஸ்ட் எவ்வளவு காட்டுச்சு, ஆக்சுவேட்டர் கம்பி எந்த அழுத்தத்துல நகந்துச்சு, ஒழுகல் பாத்தாச்சா, இந்த மூணையும் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா வண்டியை எடுத்துக்கிட்டு அடுத்த கடைக்குப் போங்க.