திரும்பி வரும் சேலை

சங்கரன்கோவில் ரத வீதியிலுள்ள ஜவுளிக் கடையொன்றில், விரித்துப் போட்ட சேலைகளுள் ஒன்றைக் கையிலெடுத்து, முந்தியைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நூலின் நெருக்கத்தை விரலால் நெருடிப் பார்த்து, உடன் வந்தவர்களின் அபிப்பிராயத்தையும் கேட்டுக்கொண்டு, பிறகு விலை பேசி வாங்கிச் செல்லும் பெண்மணிக்கும் அந்தக் கடைக்காரருக்கும் இடையே சட்டம் குறுக்கிட வேண்டிய அவசியம் அபூர்வமாகவே நேர்கிறது. சாயம் போயிற்று என்றால் அவர் சேலையைக் கொண்டுவந்து மேஜையின் மேல் போடுவார். அது தண்ணீரில் நனைத்த சேலையா, ஒரு கல்யாணத்துக்கு உடுத்திச் சென்ற சேலையா என்பதைக் கடைக்காரர் மடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். சற்று வாக்குவாதம் நிகழும். கடைசியில் வேறொரு சேலை கைமாறும். அடுத்த ஆடித்தபசுக்கும் அதே கடைப்படியை மிதிக்க வேண்டியவர் அவர், அதே வீதியில் கடை வைத்திருக்க வேண்டியவர் இவர் என்னும் பரஸ்பர நிர்ப்பந்தமே அங்கே நீதிபதியாக அமர்ந்திருக்கிறது.

அதே சேலையை இவ்வூர் விசைத்தறிக்காரர் ஒருவர், தம் மகனுடைய கைப்பேசியின் உதவியால் இணையச் சந்தையொன்றில் படம் பிடித்துப் போட்டு, முகமறியாத ஒருவர் அஸ்ஸாமிலிருந்தோ ராஜஸ்தானத்திலிருந்தோ அதற்கு ஆர்டர் கொடுத்து, பார்சல் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் அது ‘ரிட்டர்ன்’ என்ற முத்திரையோடு திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையைப் பிரித்தால் மஞ்சள் கறையும் வியர்வை வாடையுமாக அந்தச் சேலையே இருக்கலாம். அதற்குப் பதிலாக எவர் வீட்டிலோ கிழிந்துபோன பழஞ்சேலை இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் வெற்றுறையாகவும் இருக்கலாம். ‘அனுப்பியது வேறு, படத்தில் காட்டியது வேறு’ என்று வாங்கியவர் எழுதியிருப்பார். பணம் அவருக்குப் போய்விட்டிருக்கும். விற்றவர் கணக்கில் அந்தத் தொகை கழிக்கப்பட்டிருக்கும். இணைய வியாபாரத்தில் இறங்கிய சிறு உற்பத்தியாளர்கள் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம், நூல் விலைக்கும் கூலிக்கும் அடுத்தபடியாக இந்தப் பேச்சே இன்று அடிபடுகிறது.

நஷ்டத்தின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. அறுநூறு ரூபாய்ச் சேலையில் ஐம்பது ரூபாய் மிஞ்சுகிறது என்று கொண்டால், அழுக்காகித் திரும்பிய ஒரே ஒரு சேலை, ஒழுங்காக விற்ற பதினொரு சேலைகளின் லாபத்தைக் கொண்டுபோய்விடுகிறது; போகவர அனுப்பும் செலவும் விற்பவர் தலையில் விழுந்தால் அந்தப் பதினொன்று இன்னும் கூடுகிறது. பெரிய வியாபாரி இதை ஆயிரம் சேலைகளின் விலையில் ஒவ்வொரு ரூபாயாகப் பரப்பி, யோக்கியமான வாடிக்கையாளர்களிடமிருந்தே வசூலித்துவிடுவார். நான்கு தறி வைத்திருப்பவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஆகவே, மோசடி செய்பவரால் நஷ்டமடைகிறவர்கள் இருவரே: விலை உயர்வாகத் தம்மையறியாமல் தண்டம் செலுத்தும் நேர்மையான வாங்குவோர், விலையை உயர்த்த இயலாத சிறு விற்பவர்.

இந்தத் தொல்லை முற்றிலும் புதியதன்று. 1877ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையை ஏற்படுத்தியது. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பார்சலைப் பெற்றுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டினால் புஸ்தகமும் மருந்தும் கைக்கடிகாரமும் பட்டிதொட்டிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. ஆர்வத்தில் கடிதம் எழுதிவிட்டுப் பார்சல் வரும்போது ‘வேண்டாம்’ என்று திருப்பிவிடுகிற ஆசாமிகள் அன்றும் இருந்தார்கள். போன தபால் செலவு விற்பவருக்கு நஷ்டமே. ஆனால் அம்முறையில் ஒரு பந்தோபஸ்து இருந்தது: பணம் கொடாமல் கட்டைப் பிரிக்க முடியாது, பிரிக்காமல் திரும்பிய கட்டில் பொருள் பத்திரமாக இருந்தது. 2010இல் பிளிப்கார்ட் நிறுவனம் நம் நாட்டு இணைய வியாபாரத்தில், பொருளைக் கையில் பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, வி.பி.பி.யின் வசதியே வேறொரு வேஷத்தில் வந்தது. அதனுடன் ‘காரணம் கேளாமல் திருப்பிக்கொள்வோம்’ என்ற வாக்குறுதியும் பின்னர்ச் சேர்ந்துகொண்டதால், பிரித்த கட்டும் திரும்பத் தொடங்கியது. பழைய பந்தோபஸ்து அங்கேதான் அவிழ்ந்தது.

வாக்குறுதியைக் கொடுத்தது சந்தையை நடத்தும் நிறுவனம். அதன் விலையைச் செலுத்துகிறவர் விற்பவர் என்பதே இவ்விவகாரத்தின் மர்மஸ்தானம். ஒரு புகார் மெய்யா பொய்யா என்று விசாரிப்பதற்கு ஓர் ஊழியர் அரைமணி நேரம் செலவிட வேண்டும். அந்த அரைமணிக்கான சம்பளம் சேலையின் லாபத்தைவிட அதிகம். ஆதலின் வாங்கியவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுவது நிறுவனத்துக்குச் சிக்கனமாக இருக்கிறது. அதிலும் அந்தச் சிக்கனத்தின் செலவு வேறொருவருடையதாக இருக்கும்போது, அது தாராள குணமாகவும் தோற்றமளிக்கிறது. நாகர்களான சங்கனும் பதுமனும் தத்தம் தெய்வமே பெரிதென்று வாதிட்ட வழக்கிலிருந்து பிறந்த தலபுராணம் நம் ஊருடையது. அந்த வழக்கில்கூட இரு கட்சிக்காரரும் சந்நிதிக்கு வந்த பிறகுதான் தீர்ப்புக் கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், முன்னர்ப் பார்வையிடாத பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான அவகாசம் உண்டு என்றும், அதுவரையில் அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்றும் 41ஆம் பிரிவில் விதித்தது. இது யாரும் ஆட்சேபிக்க இயலாத நியாயம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முன்னே சென்று, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்றது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. பழுதுபட்ட பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகச் செயல் என்பதும் அச்சட்டத்தில் அடங்கியிருக்கிறது. ஆகையால், ‘விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்து வைத்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணும் விற்பவர் வீண் நம்பிக்கை கொள்கிறார். இவையெல்லாம் வேண்டியனவே.

ஆயினும் 2020 ஜூலை மாதத்தில் வெளியான மின்வணிக விதிகளை வாசிக்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. பதிப்புரிமை, வணிகச் சின்னம் முதலிய சட்டங்களை மீறியமையால் நீக்கப்பட்ட பொருள்களையே திரும்பத் திரும்ப விற்கும் விற்பவர்களை அடையாளம் காண்பதற்கான பதிவேட்டை, சந்தை நிறுவனங்கள் இயன்றவரை பராமரிக்க வேண்டும் என்று அவற்றின் 5ஆவது விதி கூறுகிறது. நல்லது, போலிச் சரக்கு விற்பவனுக்கு இரக்கம் தேவையில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வெற்றுறையை அனுப்பிப் பணம் பெறும் வாங்குபவரைப் பற்றிய பதிவேடு ஒன்று வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. ஒரே நபர் பத்து விற்பவர்களை ஏமாற்றினால், பத்துப் பேரும் தனித்தனியாகப் பத்து முறை முதல் தடவையாக ஏமாறுகிறார்கள். ஏமாற்றுதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 318ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம் என்பது வாஸ்தவமே. அறுநூறு ரூபாய்க்காகச் சங்கரன்கோவிலிலிருந்து குவாஹாத்தி வரையில் அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு அலையக்கூடியவர் யார் என்பதுதான் கேள்வி.

விற்பவர்கள் யாவரும் உத்தமர்கள் என்று வாதாட நான் முன்வரவில்லை. விளக்கொளியில் எடுத்த படத்தில் மயில் நிறமாக ஜொலித்த சேலை, வீட்டு வாசலில் பாசி நிறமாக வந்து இறங்குவதை எத்தனையோ பெண்மணிகள் கண்டிருக்கிறார்கள். அதைவிடக் கொடியது விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று எழுதி விற்பது. நூற்றுக்கணக்கான தறிகளின் சப்தம் கேட்கும் நம் பகுதியில் இந்த வேறுபாடு குழந்தைக்கும் தெரியும். தூரதேசத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் 2006இல் கைத்தறிக்கென்று தனி முத்திரையே ஏற்படுத்தப்பட்டது. விசைத்தறிச் சேலையை விசைத்தறிச் சேலை என்றே எழுதி, அளவையும் நூல் ரகத்தையும் சொல்லி, பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுகிறவருக்குத் திரும்பி வரும் பார்சல்களில் ஒரு பகுதியேனும் குறையும். எஞ்சியதைப் பற்றிப் பேசும் தைரியமும் அவருக்கு உண்டாகும்.

சந்தை நிறுவனங்களை நாடாமல் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கும் பெண்கள் இன்று அநேகம். அவர்கள் படும் பாடு வேறு விதமானது. ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அதைத் தயாரித்துத் தருவதற்கென்றே போலிச் செயலிகள் உண்டு. அறுநூறுக்குப் பதிலாக ஆறாயிரம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தை உடனே திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு குரல் கெஞ்சும். வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தியும் துணைக்கு நிற்கும். கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்பதை வங்கிச் செயலியைத் திறந்து பாராமல் சரக்கையோ பணத்தையோ கைவிடலாகாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஏமாந்துவிட்டால் சைபர் குற்றப் பிரிவின் 1930 என்ற எண்ணை அன்றைக்கே அழைத்துவிட வேண்டும். (பொருள் விற்பனைச் சட்டம் பிறந்த ஆண்டும் அதுவே, எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள வியாபாரிகளுக்கு இது உதவும்.)

இவர்கள் தற்காப்புக்காகக் கண்டுபிடித்த யுக்தி, ‘ஓப்பனிங் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் கிடையாது’ என்னும் நிபந்தனை. பார்சலைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் முடிவு வரை இடைவிடாமல் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். சாட்சியத்தை நாடும் எண்ணம் சரியானதே. ஆனால் கைப்பேசியைப் பிடிக்க வேறொரு கை இல்லாத முதியவரும், ஆசையில் சட்டென்று பிரித்துவிட்ட சிறுமியும் மோசடிக்காரர்கள் ஆகிவிடமாட்டார்கள். வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிழிந்த சேலையை அவர்கள் தலையில் கட்டுவது, நிறுவனம் விற்பவருக்குச் செய்யும் அநீதியை விற்பவர் பிறருக்குச் செய்வதாகும். சாட்சியம் தேடும் கடமையில் முதற்பங்கு விற்பவருடையது. சேலையின் ஓரத்தில் அடையாளச் சீட்டைப் பிணைத்து, முகவரி தெரியும்படி, எடை பார்ப்பது முதல் உறையை ஒட்டுவது வரை அறுபடாமல் படம் பிடித்து வைப்பதும், திரும்பிய பார்சலைக் கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே அதேபோலப் படம் பிடித்துப் பிரிப்பதும், ‘க்ளெய்ம்’ போடுவதற்குரிய கெடு தாண்டுமுன் எழுத்து மூலமாக முறையிடுவதும் அலுப்பூட்டும் காரியங்களே; எனினும் கோபத்தைவிட இவை பலன் தருகின்றன. கோபத்தில் சிலர், ஏமாற்றியவரின் புகைப்படத்தையும் தொலைபேசி எண்ணையும் ஊரறியப் பகிர்ந்துவிடுகிறார்கள். அதனால் சேலை திரும்பி வருவதில்லை. அவதூறு வழக்கு வரக்கூடும். சந்தேகம் தவறாக இருந்துவிட்டால் ஒரு நிரபராதியின் மானம் போகும்.

ஐரோப்பிய நாடுகளில் 2011ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, தொலைவிலிருந்து வாங்கிய பொருளைப் பதினான்கு நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலக்கிக்கொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. நம் நாட்டில் அவ்வளவு பரந்த உரிமையைச் சட்டம் தரவில்லை, நிறுவனங்களின் கொள்கையே தருகிறது. ஆனால் அங்கே அந்த உரிமையின் மறுபக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பொருளின் தன்மையை அறிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு மேல் அதைப் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்திருந்தால், அந்தக் குறைவுக்கு வாங்கியவரே பொறுப்பு. பொருள் திரும்பி வரும் வரை, அல்லது அனுப்பியதற்கு ஆதாரம் கிடைக்கும் வரை, விற்பவர் பணத்தை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். கடையில் எடுத்துப் பார்க்கலாம், கல்யாணத்துக்கு உடுத்திப் போகலாகாது என்ற ரத வீதி வழக்கத்தையே அவர்கள் சட்டமாக்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2021 ஜூன் மாதத்தில் மின்வணிக விதிகளுக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. மின்னல் விற்பனைகளைப் பற்றியும், விற்பவர் தவறினால் நிறுவனம் ஏற்க வேண்டிய பொறுப்பைப் பற்றியும் அது விரிவாகப் பேசியது. விதிகளை மறுபடியும் கையிலெடுக்கும்போது, விற்பவர் கணக்கிலிருந்து பணத்தைக் கழிக்குமுன் அவருடைய ஆதாரத்தைப் பார்வையிட வேண்டும்; திரும்பப் பெறும்போதே பொருளைப் பிரித்துப் பார்க்கும் கடமை நிறுவனத்தின் ஆளுக்கு உண்டு; ‘காரணம் கேளோம்’ என்று விளம்பரம் செய்த நிறுவனமே அவ்வகைத் திருப்புதலின் போக்குவரத்துச் செலவை ஏற்க வேண்டும்; பலமுறை பொய்ப் புகார் கொடுத்தது நிரூபணமானவருக்கு, அவர் பக்கத்து விளக்கத்தையும் கேட்ட பிறகு, திருப்பும் சலுகையை நிறுத்தி வைக்கலாம் என்ற நான்கையும் சேர்க்குமாறு அத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வீண் வழக்குத் தொடுத்தவர் எதிர்க்கட்சிக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை செலவுத்தொகை கொடுக்கும்படி உத்தரவிட இடமளித்திருந்தது. ஆகவே வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டென்பது நம் சட்டத்துக்கு அந்நியமான கருத்து அன்று. தென்காசி மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் விசைத்தறிச் சங்கத்தாரும் இந்தக் கோரிக்கையை எழுத்து மூலமாக டெல்லிக்கு அனுப்ப வேண்டும்.