பனியன் போவது அமெரிக்காவுக்கு! உப்பு வருவது நம்ம காவிரிக்கு!



2025 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் டிரம்ப், இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று அறிவித்தார். திருப்பூர் பனியனுக்கும் கரூர் போர்வைக்கும் ஆபத்து என்று கூக்குரல் எழுந்தது. மத்திய அரசு என்ன செய்தது? அமெரிக்காவோடு மல்லுக்கு நின்றதா? இல்லை. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 முதல் இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் எடுத்துவிட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அடித்தவன் இருப்பது வாஷிங்டனில். அடி விழுந்தது பெரம்பலூர் பருத்திக்காட்டில்!

நம்ம பக்கத்து மானாவாரிப் பருத்தி ஆவணி, புரட்டாசியில் ஊன்றி, தை பிறந்து எடுப்பது. விதை மண்ணுக்குள் போகும்போதே, வெளிநாட்டு பேல் வரியில்லாமல் வருகிறது என்ற செய்தியும் கூடவே வந்தது. 2022 ஏப்ரலிலும் இதே கதைதான். அன்றைக்குப் பஞ்சு விலை ஏறிவிட்டது என்று மில்காரர்கள் அழுதார்கள், வரியை எடுத்தார்கள். விலை ஏறினாலும் வரி போகும், ஆர்டர் குறைந்தாலும் வரி போகும் என்றால் அந்த வரி யாரைக் காப்பாற்றப் போட்டது? 2025-26க்கு நடுத்தர இழைப் பருத்தி குவிண்டால் 7,710 ரூபாய் என்று ஆதார விலை அறிவித்திருக்கிறார்களே என்பீர்கள். அறிவிப்பு டெல்லியில் இருக்கிறது. இந்தியப் பருத்திக் கழகம் ஊருக்கு வந்து தராசு வைக்காவிட்டால் வியாபாரி சொல்வதுதான் விலை.

ஏற்றுமதி படுத்தால் நம்ம பருத்திக்கு வெட்டு. சரி, ஏற்றுமதி ஓஹோவென்று நடந்தால் நமக்கு என்ன? அதையும் பார்ப்போம்.

"பனியன் கம்பெனிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். திருப்பூர் வழியாக வருகிற நொய்யல், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் விழுகிறது. கரூரைத் தொட்டுக்கொண்டு வருகிற அமராவதி திருமுக்கூடலூரில் சேருகிறது. இரண்டும் கலந்த தண்ணீர்தான் மாயனூர் தாண்டி, பேட்டைவாய்த்தலையில் உய்யக்கொண்டானில் நுழைந்து, முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி ஓடுகிறது. நம்ம பூவனும் ரஸ்தாளியும் குடிப்பது அதை. அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக்கு நம் பெண்கள் தலையில் தெளித்துக்கொள்வதும் அதைத்தான்.

சாயம் பருத்தித் துணியில் ஏற வேண்டுமானால் உப்பு கொட்ட வேண்டும். சாதா உப்பு, இல்லாவிட்டால் சோடியம் சல்பேட். சாயம் துணியோடு ஒட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிடும். உப்பு ஏறாது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரில் இங்கேயேதான் கிடக்கும். கலரை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத உப்புதான் வாழை இலையை ஓரத்திலிருந்து கருக்குகிறது, மண்ணை இறுக்கிப் போடுகிறது.

மேட்டூரில் தண்ணீர் நிறைய வரும்போது இந்த உப்பு நீர்த்துப் போகும். வழக்கப்படி ஜனவரி 28இல் அணையை மூடிய பிறகு? ஆறு வற்றி, நம்ம வாழை தார் தள்ளி நிற்கும் கோடையில் வருகிற கொஞ்சத் தண்ணீரில் நொய்யல் எவ்வளவு, அமராவதி எவ்வளவு என்று எந்த அதிகாரியாவது வாய்க்கால் கரைக்கு வந்து நமக்குச் சொன்னது உண்டா?

மேலே உள்ளவர்கள் பட்டதைப் பாருங்கள். பாசனத்துக்கு என்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். அது சாயக்கழிவுத் தொட்டியானது. அணையில் தண்ணீர் தேக்காதே என்று விவசாயியே போராடிய கூத்து உலகத்தில் வேறெங்கு நடந்தது? சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல் சுமார் 28,600 விவசாயிகளுக்கு 24 கோடியே 80 லட்சம் ரூபாய் அளவுக்கு நஷ்டஈடு விதித்தது. வகுத்துப் பாருங்கள். தலைக்கு 9,000 ரூபாய்கூட வராது! கிணறும் தென்னையும் போனதற்கு ஒரு மாட்டின் விலைகூட இல்லை.

அந்த விவசாயிகள் விடவில்லை. 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றமும் மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்றது. அப்படியும் அடங்காததால் 2011 ஜனவரி 28இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். பிறகுதான் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உயிர் வந்தது. அதற்கும் அரசுப் பணம் 200 கோடி வட்டியில்லாக் கடன்! நகைக்கடனுக்கு நாம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"சுத்தம் செய்தால் விலை கூடும், ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும்" என்கிறார்கள் முதலாளிகள். 2024-25இல் திருப்பூர் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. உப்பை எடுக்கிற செலவை வெளிநாட்டுக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அவன் தரமாட்டான் என்றால் அது உங்களுக்கும் அவனுக்கும் உள்ள வழக்கு. அந்தப் பாக்கியை எங்கள் வயலில் வந்து கழிக்காதீர்கள்.

நாம் ஏற்றுமதிக்கு விரோதி அல்ல. நம்ம உறையூர்த் துணி 2,000 வருஷத்துக்கு முன்பே கடல் தாண்டிப் போனதைக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பது நம் வீட்டுப் பெண்கள்தான். புத்தாநத்தத்தில் போய்ப் பாருங்கள். அவர்கள் கூலியும் இந்த லாபத்தில் உயரவில்லை என்பது வேறு கணக்கு, அதையும் ஒருநாள் பேசத்தான் வேண்டும்.

நாம் கேட்பது இதுதான். நொய்யல் சேருமிடம், திருமுக்கூடலூர், மாயனூர், முக்கொம்பு நான்கிலும் தண்ணீரின் உப்பு அளவை வாராவாரம் எடுத்து, ஒவ்வொரு வேளாண் அலுவலக வாசலிலும் தமிழில் எழுதிப் போடு! கோடையில் கூடுதலாக எடு! பருத்தி வரியில் கை வைப்பதற்கு முன் விவசாயியைக் கேள்! தை மாதத்துக்குள் கொள்முதல் நிலையத்தைத் திற!

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு இனி ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் தண்ணீரோடு வாருங்கள். வாய்க்கால் தண்ணீரோ, போர் தண்ணீரோ, எதுவானாலும் சரி. ஊர்ப் பெயர், வாய்க்கால் பெயர், பிடித்த தேதி எழுதி ஒட்டுங்கள். அதிகாரிகள் மேஜையில் வரிசையாக வைப்போம். தார் வெட்டு இருக்கிறவர்கள் பாட்டிலை மட்டுமாவது பக்கத்து வயல்காரரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

இவண்,
செயலாளர்