இரண்டாவது கயிறு

உயரத்தில் ஏறுவதே அபாயம், இறங்குவது எளிது என்பது பொதுவான எண்ணம். கயிற்றில் தொங்கிப் பணி புரிவோரைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பிழையானது. ஏறுவோரைத் தடுக்கும் புவியீர்ப்பே இறங்குவோரை இழுக்கிறது. அவ்விழுப்பைக் கட்டுக்குள் நிறுத்துவன ஒரு கயிறும் ஒரு சிறு கருவியுமே.

பெரிய நிக்கோபார்த் தீவின் தென்கோடியில், இந்திரா முனையில், 1972-ல் ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கம் 35 மீட்டர் உயரமுடையது. 2004 டிசம்பர் 26-ல் நேர்ந்த நிலநடுக்கத்தால் அங்கு நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கோபுரத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. இத்தகைய இடங்களில் சாரம் கட்டுவது கடினம். துருவைச் சுரண்டி வண்ணம் பூசக் கயிற்றில் இறங்கும் முறையே கைகொடுக்கும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 35 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 24,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 80 கிராம் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்க இது போதும். மெல்ல இறங்கினால் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். விரைந்து இறங்கினால் இறக்கக் கருவியிலேயே தங்கி, நைலான் கயிற்றின் மேலுறையைக் கெடுக்கும். ஆகவே நிதானம் என்பது இங்கு வெறும் அறிவுரை அன்று. பௌதிக விதியின் கட்டளை.

நிதானம் மட்டும் போதுமா? போதாது. கூரிய விளிம்பு கயிற்றை அறுக்கலாம், பிடிப்பு பெயரலாம், கை தவறலாம். இதனால்தான் 1980-களில் பிரிட்டனில் வளர்ந்த தொழில்முறை, இரண்டு கயிறுகளை வற்புறுத்தியது. ஒன்று உடலைத் தாங்கும். மற்றொன்று தனிப் பிடிப்பில் கட்டப்பட்டு, தானே இறுகும் தடுப்புக் கருவியுடன் காத்திருக்கும். இரு கயிறுகளின் முனைகளிலும் முடிச்சு இருத்தல் வேண்டும். விளிம்புகளில் உறை இருத்தல் வேண்டும்.

தீவுகளில் இத்தேவை இரட்டிப்பாகிறது. அந்தமான் கடலின் மறுகரையான தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில், ஏறுவோருக்காக அடிக்கப்பட்ட துருவேறா எஃகு ஆணிகள், வெளியே பழுது தோன்றாமலே உள்ளுக்குள் விரிசலுற்று முறிந்தன. உப்பிலுள்ள குளோரைடே காரணம். பின்னர் அங்கே டைட்டேனிய ஆணிகள் இடம்பெற்றன. கண்ணுக்கு நன்றாகத் தோன்றுவதால் மட்டும் ஒரு பிடிப்பை நம்பலாகாது என்பதே இதன் பாடம்.

மற்றொன்றும் உண்டு. வாரில் அசைவின்றித் தொங்குபவர் சில நிமிடங்களில் நினைவிழக்கக்கூடும். இந்திரா முனையோ போர்ட் பிளேயரிலிருந்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் தலைநகரிலிருந்து, 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆதலின் மீட்கும் ஆற்றல் பணியிடத்திலேயே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது கயிற்றால் செலவும் நேரமும் கூடும் என்பர். கூடுவது மெய்யே. அதனாலேயே அதனை ஒப்பந்தக்காரரின் விருப்பத்திற்கு விடலாகாது. இரண்டாவது கயிறு, பிடிப்புச் சோதனை, பயிற்சி பெற்ற மீட்பாளர் ஆகிய மூன்றும் ஒப்பந்தப் புள்ளியிலேயே தனித்தனி இனங்களாக விலையுடன் குறிக்கப்பெறுதல் வேண்டும். விலைப்பட்டியலில் இடம்பெறாத பாதுகாப்பு, விலை குறைக்கும் போட்டியில் முதலில் கைவிடப்படும். கலங்கரை விளக்கம் கடலோடிகளின் உயிரைக் காக்க எழுந்தது. அதற்கு வண்ணம் பூசுவோரின் உயிரும் அக்கணக்கில் சேர்வதே முறை.